அடுப்புக்காரியின் சளி

பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ இந்த ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு அகதி முகாமுக்கு நர்ஸாகப் போன அன்று, வார்டே கேட்கும்படி என்ன சொல்லிவிட்டுப் போனாய்? "எங்க அண்ணியோட லேப்ல ஃப்ரிட்ஜுக்குள்ளதான் கொஞ்சம் சூடு இருக்கு." சூப்பிரண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். உனக்கு வேலை போட்டுத் தரச் சொல்லி அதே சூப்பிரண்டு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் நான். அன்றைக்கே என் போனில் உன் எண்ணை முடக்கினேன். உன் அண்ணன் "விடும்மா, சின்னப் பொண்ணு" என்கிறார். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் சின்னப் பொண்ணாம். இனி எதுவானாலும் மாதிரிப் பெட்டியோடு கடிதமாக வரட்டும். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நாக்கைப் புரட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் புது நாட்டுக்குப் பஸ் ஏறப்போகிறவர்களின் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாய். கிட்டத்தட்ட பஸ் முழுக்கப் பாஸிட்டிவ். கைக்குழந்தைக்காரி, மீசை முளைக்காத பையன், எல்லோருக்கும். காசநோய் இப்படிக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி கும்பலாகக் கிளம்பாது. டப்பாவை எல்லாம் திறந்துபோட்டு வேடிக்கை பார்த்தாயா? ஒன்றில் விட்ட கரண்டியை இன்னொன்றில் விட்டாயா?

இந்த முடிவை நான் மேலே அனுப்பினால் முகாம் வாசலைப் பூட்டிவிடுவார்கள், பஸ்ஸும் நின்றுபோகும். மாதிரிப் பெட்டி கொண்டுவரும் வேன் அடுத்த முறை திரும்பும்வரை என் மேஜையில் வைத்திருப்பேன். உன்மேல் இரக்கம் என்று நினைக்காதே. தப்பான முடிவு என் லேபின் பெயரில் வெளியே போகக் கூடாது.

அண்ணி


பிப்ரவரி 8

அண்ணி அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டதை மரியாதை என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

நான் எந்த டப்பாவிலும் எந்தக் கரண்டியையும் விடவில்லை. எழுந்ததும் கொட்டகைக்கு வெளியே நின்று இருமி, டப்பாவில் துப்பி, மூடிக் கொண்டுவரச் சொல்கிறேன். மூடியைத் திருகிப் பார்த்து நானே பெட்டியில் அடுக்குகிறேன். இங்கே எனக்கு உதவிக்கு ஆள் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டர் வருகிறார். முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு, நோயாளி வாயைத் திறக்கும் முன்பே மாத்திரை எழுதிவிட்டுக் கிளம்புகிறார். காய்ச்சல், பிரசவம், சிரங்கு, தூக்கம் வராதவனோடு உட்கார்ந்து பேசுவது, தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் உடைந்த மண்டை, எல்லாம் என் தலையில். உங்கள் ஏசி அறையில் இருந்துகொண்டு கரண்டிக் கணக்குப் பேசுவது சுலபம்.

தப்பு எங்கே என்று தேட வேண்டுமானால் உங்கள் சிவப்பு முத்திரையிலிருந்து தொடங்குங்கள். "எச்சில். சளி அல்ல. நிராகரிக்கப்பட்டது." இருமலே இல்லாதவன் துப்பினால் எச்சில்தான் வரும் அண்ணி, வேறென்ன, பன்னீரா வரும்? அந்த முத்திரை ஒருமுறை விழுந்தால் ஒரு பஸ் தப்பிப்போகிறது. முன்னொரு தரம் புருஷனும் பிள்ளைகளும் பஸ் ஏற, எச்சில் துப்பிய குற்றத்துக்காக அம்மாக்காரி மட்டும் வாசலில் நின்றாள். கொஞ்ச காலமாக நிராகரிப்பே இல்லையே என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டீர்களாம்: "நான் போட்ட போட்டுல உங்க தங்கச்சி ஒழுங்கா எடுக்கக் கத்துக்கிட்டா." நான் ஒன்றும் புதிதாகக் கற்கவில்லை. உங்கள் மெஷினைத் துடைத்துப் பாருங்கள்.

நர்ஸ்


பிப்ரவரி 9

மெஷினைத் துடைத்தாயிற்று. அது உன்னைவிடச் சுத்தம்.

ஆத்திரத்தில் நானே டப்பாக்களை வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பழுப்பு, ஒரே கெட்டி, உள்ளே பொடிப் பொடியாகக் கரித்துகள். கைக்குழந்தைக்காரியின் நெஞ்சிலும் கரி, பையன் நெஞ்சிலும் கரி. உன் ஆட்கள் எல்லோரும் ஒரே அடுப்பில் தலையை விட்டார்களா? அல்லது இது எல்லாமே ஒரே ஆளின் சளியா?

உன் மூக்குக்கு முன்னால் யாரோ கடை விரித்திருக்கிறார்கள். ஏழைகள், பாவம், அகதிகள் என்று உருகிக்கொண்டு போனாயே, அந்தப் பாவங்கள் உன்னை நன்றாகப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறார்கள். போய்க் கேள்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணி,

கேட்டேன். சிரியுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

பொதுச் சமையல் கொட்டகையில் விறகடுப்பு பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் அடுப்புக்காரி என்பார்கள். ஈர விறகின் புகையை விழுங்கி விழுங்கி வருஷக்கணக்காக இருமுகிறவள். ஆரம்பத்தில் நானே அவளுக்குப் பரிசோதனை செய்தேன், ஒன்றும் இல்லை, வெறும் புகை இருமல். உங்கள் முத்திரைக்குப் பயந்த யாரோ ஒருத்தி ஒருநாள் அவளிடம் போய், "எனக்கு வரமாட்டேங்குது, நீ கொஞ்சம் துப்பிக் குடேன்" என்று டப்பாவை நீட்டியிருக்கிறாள். அந்த டப்பா தேறிவிட்டது. அதிலிருந்து முகாம் முழுக்க அவள் நெஞ்சுக்கு மவுசு. பரிசோதனைக் காலை என்றால் சமையல் கொட்டகைக்குப் பின்னால் வரிசை நிற்குமாம். கைமாறாக, குழாயடி வரிசையில் அவளுடைய குடத்துக்கும் சேர்த்து நின்று தண்ணீர் பிடித்துத் தர வேண்டும். அவ்வளவுதான் விலை.

"ஏம்மா, இது தப்புன்னு தோணலயா?" என்று கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "உங்களுக்கு வேண்டியது சளி. என்கிட்ட கெடக்குது. இதுல யாருக்கு என்ன நட்டம்?" என்றாள். பேசும்போதே இருமினாள். அந்தச் சத்தம் பழைய சத்தம் இல்லை. கன்னம் ஒட்டியிருக்கிறது. சேலைக்குள் ஆள் இல்லாத மாதிரி இருக்கிறாள். எப்போது எங்கே ஒட்டிக்கொண்டதோ, நோய் இப்போது அவளிடம் இருக்கிறது. அவள் ஒருத்தியின் நோயைத்தான் பஸ் முழுக்க ஏற்றி நீங்கள் பாஸிட்டிவ் போட்டிருக்கிறீர்கள். தினமும் அவளைத் தாண்டித்தான் சாப்பாடு வாங்கப் போகிறேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என்மேல் எனக்கே வெறுப்பாக வருகிறது.

அந்தப் பஸ்ஸில் அவள் பெயரும் இருக்கிறது. மகள் அங்கே முன்னாலேயே போய்விட்டாள், இப்போது மாசமாக இருக்கிறாள். பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

நீங்கள் முடிவை அனுப்பினால் ஒருத்தியின் நோய்க்காக முகாமே பூட்டப்படும். உண்மையைச் சொன்னால் எல்லோரும் மோசடிக்காரர்கள், யாருக்கும் பஸ் கிடையாது. என்ன செய்யப்போகிறீர்கள்? கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நன்றாக வராது.

நர்ஸ்


பிப்ரவரி 12

கெஞ்சுவது உனக்கு நிஜமாகவே வரவில்லை. மிரட்டுகிற மாதிரி இருக்கிறது.

மொத்தப் பெட்டியையும் நிராகரித்துவிட்டேன். காரணம்: "மாதிரிகள் உரியவரிடமிருந்து நேரடியாக எடுக்கப்பட்டதாக உறுதியில்லை. மீண்டும் எடுத்து அனுப்பவும்." இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. பொய் எழுதச் சொல்லியிருந்தால் உன்னைக் கம்பி எண்ண வைத்திருப்பேன். இன்னொன்றும் சொல்கிறேன், உன் அண்ணன் காதுக்குப் போக வேண்டாம். இத்தனை காலம் ஒரே பொம்பளையின் சளியைப் பெயர் பெயராகப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது என் லேப். ஒருவனுக்கும் கண் இல்லை. நேற்று எல்லோரையும் நிற்க வைத்துக் கிழித்தேன். வெளியே தெரிந்தால் முதலில் நாறுவது நான்தான்.

இனி உன் கண் முன்னால் எடு. இருமல் வராதவர்களுக்கு உப்புநீர் ஆவி பிடிக்கக் கொடுத்தால் நெஞ்சிலிருந்து வரும். பழைய நெபுலைசர் ஒன்று பெட்டியில் வைத்திருக்கிறேன், குழாய்கள் புதிது. ஆளுக்கு ஒரு குழாய். அறைக்குள் வைத்து எடுக்காதே, காற்றோட்டமான வெட்டவெளியில் உட்கார வை. நீ நல்ல முகக்கவசம் போடு. உன் வீரத்தை எல்லாம் கிருமியிடம் காட்டாதே.

இதை முதலிலேயே ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய். நீ கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று என்னைக் கேட்காதே.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

டப்பாக்கள் இத்துடன். ஒவ்வொன்றும் என் கண் முன்னால் வெளியே வந்தது. இனி ஜென்மத்துக்கும் எனக்குப் பாயசம் இறங்காது.

கிளினிக்குக்குப் பின்னால் மைதானத்தில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராக ஆவி பிடிக்க வைத்தேன். முகாம் அதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இதெல்லாம் என் ஆபீஸ் முன்னாடி பண்ணணுமா சிஸ்டர்? பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பார்க்காதீர்கள் என்றேன். வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போலீஸ்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒருத்தர் கோபித்துக்கொண்டார். வாடகைச் சளியில் தேறியவருக்கு ரோஷம் மட்டும் சொந்தம். துளியும் இல்லை, துப்புங்கள் என்றேன்.

அடுப்புக்காரியைச் சமையலிலிருந்து நிறுத்தி, முகாமின் ஓரத்து அறையில் தனியாக வைத்திருக்கிறேன். அவள் கொட்டகை வரிசையில் எல்லோரையும் பரிசோதிக்கிறேன். பக்கத்துத் தடுப்பில் இருக்கும் தையல்காரருக்கும் மாலையில் காய்ச்சல் அடிக்கிறது. எந்தப் பஸ்ஸிலும் அவர் பெயர் இல்லாததால் அவரிடம் யாரும் சளியே கேட்டதில்லை. அவருடைய டப்பாவும் உள்ளே இருக்கிறது. அவரிடமிருந்துதான் அவளுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நர்ஸ்


பிப்ரவரி 24

பஸ் ஆட்கள் எல்லோரும் நெகட்டிவ். தையல்காரர் பாஸிட்டிவ், அடுப்புக்காரி பாஸிட்டிவ். அவளுடையதில் கிருமி பொங்கி வழிகிறது. இரண்டு பேருக்கும் உடனே மருந்து ஆரம்பி. ஆறு மாதம், ஒருநாளும் விடாமல். முடித்து, கடைசிப் பரிசோதனையும் சுத்தமாக வந்தால்தான் அவள் பயணம்.

சோறு பொங்குகிறவளுக்கு இவ்வளவு தூரம் முற்றும்வரை அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணி


மார்ச் 3

அண்ணி,

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதால் கிழிக்கவில்லை. அதை நினைத்து நீங்கள் குளிர்காய வேண்டாம்.

முடிவை அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. தன்னிடம் டப்பா நீட்டியவர்களை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஒரே ஒரு தரம் எனக்குத் துப்பிக் குடுங்க. நான் எத்தன பேருக்குத் துப்பினேன்." கைக்குழந்தைக்காரி, "எனக்குத்தான் இருமலே வராதேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பையன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடினான். அவளுடைய குடம் குழாயடியில் மூன்று நாளாகக் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. நானே நிரப்பி எடுத்துப் போனேன். அவர்களைத் திட்டித் தீர்த்தேன். அகதி என்றால் மனசு தங்கம் என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் இங்கே ஒரு வாரம் குழாயடியில் நின்று பார்க்கட்டும். எனக்கு இவர்களைப் பிடிக்கவில்லை அண்ணி. பிடித்தால்தான் ஊசி போடுவேன் என்றால் என்றைக்கோ கிளம்பியிருப்பேன்.

நேற்று அவள் என்னிடமே கேட்டாள். நான் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பும்போது, "சிஸ்டர், உங்க நெஞ்சு சுத்தமான நெஞ்சு. அந்த ஆவிய ஒரு இழுப்பு இழுத்து எனக்காக ஒரு தரம் துப்பிடுங்க. எம்மகளுக்குத் தலப்பிரசவம். அங்க அவளுக்கு யாரு இருக்கா?" என்று டப்பாவை நீட்டினாள். டப்பாவில் அவள் பெயரை என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திருப்பிக் கொடுத்துவிட்டேன். "மக வீட்டுக்குப் போயி அந்தப் பச்சப்புள்ள மொகத்துல இருமப் போறியா? அதுக்கா இவ்வளவு தூரம் போற?" என்று கேட்டேன். சொல்லியிருக்கக் கூடாத மாதிரி சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

நான் துப்பி அனுப்பியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்களா?

நர்ஸ்


மார்ச் 5

கண்டுபிடித்திருக்க மாட்டேன். கரி இல்லை என்றால், புகையை விட்டு விலகிவிட்டாள் என்று நினைத்திருப்பேன்; முந்தின பாஸிட்டிவ்கூட டப்பா மாறி வந்தது என்று எழுதியிருப்பேன். எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

நீ திருப்பிக் கொடுத்ததைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தால் வேறு அண்ணியைத் தேடிக்கொள். செய்ய வேண்டியதைச் செய்ததற்கு மாலை போடுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. மருந்து விழுங்குகிறாளா, கன்னத்தில் அடக்கிவைத்துப் பிறகு துப்புகிறாளா என்று பார். வாயைத் திறக்கச் சொல், நாக்கைத் தூக்கச் சொல். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், முன்னாலேயே சொல்லிவை, இல்லாவிட்டால் நீ விஷம் வைத்துவிட்டாய் என்று ஊரைக் கூட்டுவாள்.

பெட்டியில் சத்துமாவு இருக்கிறது. உன் அண்ணன் வைத்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

பஸ் போய்விட்டது. ஓரத்து அறை வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும். ஒருத்தர் தலையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் ஜன்னலில் நின்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஏறி முடித்ததும், "என் சளியில ஏறுன கூட்டம், பாத்துக்கோ" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

என்னிடம் பேச்சே இல்லை. தையல்காரர் மாத்திரைக்கு வரும்போது உலகக் கதை எல்லாம் பேசுகிறார். இவள் மாத்திரையைப் பிடுங்குகிற மாதிரி வாங்குவாள், விழுங்குவாள், வாயை அகலத் திறந்து நாக்கை முழுக்க வெளியே நீட்டுவாள். நாக்கைத் தூக்கினால் போதும் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். இவள் நீட்டுகிற நீட்டு வேறு. தினமும் காலையில் எனக்கு அதுதான் வணக்கம். நீட்டட்டும். மாத்திரை உள்ளே போகிறது.

பஸ் கிளம்பிய மறுநாள் அவள் கதவைத் திறக்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வேண்டாம்னா கையெழுத்து வாங்கிக்கிட்டு விட்டுடுங்க சிஸ்டர், நம்ம பொறுப்பு முடிஞ்சுது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய இரண்டு முகக்கவசத்தையும் பிடுங்கியிருப்பேன். வெயில் ஏறிய பிறகு அவளே திறந்தாள். நாற்காலிகூட இல்லாமல் நான் தரையில் கிடந்தது அவளுக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

சத்துமாவு தீர்ந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லுங்கள். அண்ணன் ஏலக்காய் சேர்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நர்ஸ்


ஜூலை 2

இந்த மாதச் சத்துமாவு இத்துடன். ஏலக்காய் விவகாரத்தில் உன் துப்பறியும் மூளையைக் காட்ட வேண்டாம். அந்த மூளை சமையல் கொட்டகைக்குப் பின்னால் வேலை செய்திருக்கலாம்.

இரண்டாம் மாதப் பரிசோதனையிலேயே இரண்டு பேரும் சுத்தம் என்று எழுதியிருந்தேன். அதைச் சாக்காக வைத்து மருந்தை நிறுத்த விடாதே. தெம்பு வந்ததும்தான் எல்லாக் கழுதைகளும் மருந்தை விடுகின்றன.

அந்தச் சிவப்பு முத்திரையை எடுத்துவிட்டேன். இப்போது நிராகரிக்கிற ஒவ்வொரு டப்பாவோடும் குழாய் ஒன்றும், ஆவி பிடிக்கும் முறையும் போகிறது. மற்ற முகாம்களுக்கும் அனுப்புகிறேன். நீ சொல்லித்தான் செய்தேன் என்று வெளியே சொல்லித் திரிந்தால் மறுபடி முத்திரையை எடுப்பேன்.

மகளுக்குப் பிரசவம் ஆயிற்றா?

அண்ணி


ஜூலை 6

அண்ணி,

பெண் குழந்தை. முகாம் ஆபீஸ் போனில் மகள் கூப்பிட்டாள். அதிகாரி, "நோயாளிய ஆபீஸுக்குள்ள விட முடியாது" என்றார். இப்போது அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று விளக்கினேன். கேட்கவில்லை. அதனால் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வயர் உள்ள போன், வயரோடு வந்துவிட்டது. மேலிடத்துக்குப் புகார் போயிருக்கிறது. பிறகு என் போனிலிருந்து அவளைப் பேச வைத்தேன். குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பேசி முடித்துப் போனை என் கையில் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்னும் வெறுக்கிறாள். எனக்கு வலிக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அவளுக்காக யாரும் செய்யாததை நான் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அவள் கண்ணில் நான் மகளைப் பார்க்க விடாமல் தடுத்தவள். அந்தக் கணக்கும் சரிதான்.

நர்ஸ்


அக்டோபர் 16

தையல்காரர் சுத்தம். அடுப்புக்காரி சுத்தம். கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் வளரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு அவள் பெயரைத் தாராளமாக எழுதச் சொல்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உன் முகாமின் லட்சணம் தெரிந்த பிறகு கேட்காமல் இருக்க முடியாது. இது அவளுடைய சளிதானே?

உன் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்கு மட்டும் எழுத்தில் பதில் வேண்டும்.

அண்ணி


அக்டோபர் 17

அண்ணி,

எழுத்திலேயே தருகிறேன். அவளுடையதுதான். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். ஆவி பிடித்தாள், அடிநெஞ்சிலிருந்து இருமினாள், டப்பாவில் சிந்தாமல் துப்பினாள், அவளே மூடியைத் திருகி என் கையில் கொடுத்தாள். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தரம் நன்றாகக் காறி, என் காலடியில் துப்பினாள்.

அதுவும் அவளுடையதுதான், சுத்தமானது. கையெழுத்துப் போடுங்கள்.

நர்ஸ்